இரண்டு மணிக்கூடுகளும் ஒன்பதாம் பாட்டும்

அந்தத் தண்ணீர்த் தொட்டியின் பக்கவாட்டில் ‘ணி’ என்ற எழுத்து தலைகீழாகத் தெரியும். பெரிய கடைத்தெருவில் பூட்டிக்கிடந்த பாதணிக் கடையொன்றின் பெயர்ப்பலகையை அறுத்துச் செய்த தொட்டி அது. கண்ணாடிபோலத் தெளிந்த, தடித்த பிளாஸ்ரிக் பலகை. மற்ற எழுத்துகளை எல்லாம் சுரண்டி எடுத்தவர்கள் இந்த ஒன்றை விட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் பலகை ஏற்கெனவே கீறல் விட்டிருந்ததாம். மேலும் சுரண்டினால் வெடித்துவிடும் என்று பயம். மாதத்துக்கு ஒருமுறை தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் இயந்திரத்தின் கீழே வைப்பார்கள். உடம்பில் பெரும் பகுதி தண்ணீர்தான். ஆகவே தண்ணீருக்குள் எவ்வளவு கதிர் போய்ச் சேருகிறது என்று அளந்தால், நோயாளியின் உடம்புக்குள் எவ்வளவு போகும் என்று கணக்கிட்டுச் சொல்லலாம்.

இதையெல்லாம் நான் அறிந்துகொண்டது மருத்துவமனை விறாந்தையில் கிடந்த ஒரு நீள வாங்கில் இருந்தபடி. அக்காவைக் கொண்டுவந்து விடுவதும் திரும்பக் கூட்டிப்போவதும் அப்போது என் பொறுப்பு.

தொண்ணூறுகளின் தொடக்க வருடங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் வரவில்லை. மண்ணெண்ணெய் பங்கீட்டில்தான் கிடைத்தது. பற்றறி கொண்டுவரத் தடை. நான் வேலை செய்த பத்திரிகை பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடுபோட்ட கடதாசியில் அச்சாகிக்கொண்டிருந்தது. வெளியுலகச் செய்தி வேண்டுமென்றால், ஒருவர் தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் மிதியைச் சுற்ற, டைனமோவில் ஓடும் வானொலியை இன்னொருவர் கேட்டு எழுதுவார். வானொலி மணி ஒலிக்கும்போது என் கைமணிக்கூட்டைச் சரிசெய்துகொள்வது அங்கே எனக்கு வந்த பழக்கம்.

அக்காவும் அத்தானும் சாவகச்சேரிக்கு அப்பால் வெங்காயம் செய்பவர்கள். அக்காவின் இடது கன்னத்தின் உட்புறத்தில் புண் வந்தது. வெற்றிலைப் புண் என்று ஆறு மாதம் வீட்டு மருந்து போட்டாள். பிறகு புற்று என்றார்கள். தோட்டத்தை அத்தானிடம் விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தில் என் வீட்டில் வந்து தங்கினாள். முப்பது தடவை கதிர் பிடிக்கவேண்டும், வாரத்துக்கு ஐந்து நாள். முதல்நாளே டொக்டர் சொன்னது இதுதான்: “ஒரு நாளும் விடப்படாது. இடையிலை விட்டால் அது திரும்ப வளரும். பிறகு நான் ஒண்டும் செய்யேலாது.”

அக்கா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். குண்டுபோடும் பொம்மர் வானத்தில் சுற்றிய நாளிலும் அவள்தான் முதலில் வாசற் படலையடியில் நின்றாள்.

கதிர் அறைக்குள் நோயாளி தனியாகத்தான் கிடக்கவேண்டும். சுவர் மூன்று முழத் தடிப்பு, யன்னல் இல்லை. மேசையில் படுத்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள். இயந்திரத்துக்குள் இருக்கும், கதிர் வீசும் கோபாற்று உலோக வில்லையின் மூடி திறக்கும். மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம். பிறகு ‘டக்’ என்ற சத்தத்துடன் மூடிக்கொள்ளும். சிலர் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார்கள். குருநகர்ப் பக்கத்து ஆட்கள் செபமாலை உருட்டுவார்கள். அக்கா மனத்துக்குள் ஒரு பதிகம் சொல்வாள். பதினொரு பாட்டு உள்ள பதிகம். அது முடியுமுன் இயந்திரம் நின்றுவிடும். மிச்சப் பாட்டுகளை அவள் என் சைக்கிள் கரியரில் இருந்து சொல்லி முடிப்பாள். பதிகத்தைப் பாதியில் விடுவது அவளுக்கு ஆகாது. மருத்துவமனை வாசல் தாண்டும்வரை அவளிடம் நான் எதுவும் கேட்பதில்லை. கேட்டால் முதுகில் ஒரு குத்து விழும்.

கதிரை அளப்பவர் ஒரு பெண். முப்பது வயது கடந்திருக்கும். பௌதிகம் படித்துப் பட்டம் பெற்று, வெளிநாட்டில் சில மாதங்கள் பயின்று வந்தவர். எல்லோரும் அவரை மிஸ் என்றார்கள். போரால் இடம்பெயர்ந்தபோது மற்றவர்கள் பெட்டி படுக்கை ஏற்றிக்கொண்டிருக்க, இவர் அளவைக் கருவியை மடியில் வைத்துக்கொண்டு லொறியில் வந்தவர் என்று தாதி ஒருவர் சொன்னார். கருவியின் உயிர்நாடி, சுண்டுவிரல் நுனியளவு ஒரு குழாய். அதற்குள் இருப்பது வெறும் காற்று. கதிர் பட்டால் அந்தக் காற்றில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். அதைப் பெட்டியில் உள்ள முள் காட்டும்.

கருவியோடு வந்த கையேட்டை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். குளிரூட்டிய அறை, உலர்ந்த காற்று, தடையில்லாத மின்சாரம், மாற்றுப் பற்றறி, ஆண்டுக்கொருமுறை கருவியை அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தலைமை நிலையம். இந்த ஐந்தில் ஒன்றுகூட மிஸ்ஸிடம் இல்லை. பற்றறிக்குப் பதில் பழைய மோட்டார்சைக்கிள் பற்றறி ஒன்றை, மருத்துவமனை ஜெனரேற்றர் ஓடும் நேரத்தில் ஏற்றி வைத்துக்கொள்வார். குழாயை ஈரம் தாக்காமல் காக்கும் மணிகள் ஒரு சிறு பேணிக்குள் இருந்தன. காய்ந்திருந்தால் நீலம், ஈரம் குடித்தால் ரோசா. ரோசாவானதும் சிரட்டைக் கரியில் சட்டி வைத்து, நீலம் திரும்பும்வரை வறுப்பார். விறாந்தை ஓரத்தில் குந்தியிருந்து அதை அகப்பையால் கிளறிக்கொண்டிருக்கும்போது, புதிதாக வந்த நோயாளிகள் அது என்ன கடலை என்று கேட்பார்கள்.

குழாயைத் தண்ணீருக்குள் இறக்குவதற்கு மெல்லிய ரப்பர் உறை வேண்டும். அதற்கென்று செய்த உறை கிழிந்து நாளாகிவிட்டது. மிஸ் அதற்குக் கண்ட வழி, குடும்பநல மருத்துவிச்சி குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று வீடு வீடாகக் கொடுக்கும் பெட்டியில் இருந்தது. மருத்துவிச்சி ஐம்பதைத் தாண்டியவர். வாய்க்குப் பூட்டு இல்லை. அந்த மாதமும் விறாந்தையில் எல்லோர் முன்னிலையிலும் பையைத் திறந்தார்.

“மிஸ், இந்த மாசமும் ஒண்டுதானோ?”

“ஒண்டு காணும்.”

“சனம் பெட்டியாக் கொண்டுபோய் ஒரு மாசத்திலை முடிக்குது. நீங்கள் மாசத்துக்கு ஒண்டு. அதையும் தண்ணிக்குள்ளை போடுறியள்.”

மிஸ் சிரிக்கவில்லை. “கிழியாட்டில் கழுவிக் காயவிட்டு அடுத்த மாசமும் பாவிக்கலாம்” என்றார்.

“ஐயோ பிள்ளை, அதை மட்டும் வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ. என்ரை வேலை போயிடும்!”

வாங்கு முழுவதும் சிரித்தது. சிரித்தால் புண் வலிக்கும் என்று அக்கா கன்னத்தைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

அன்று ஒரு வெள்ளிக்கிழமை. அக்காவுக்குப் பதினேழு தடவை முடிந்திருந்தது. நோயாளிகள் எல்லோருக்கும் கதிர் பிடித்து முடிந்தபின் தொட்டியை வைத்து அளந்தார்கள். அடுத்த நாளும் மிஸ் வந்து தனியாக அளந்ததாக அறிந்தோம். திங்கட்கிழமை காலை நாங்கள் போனபோது கதிர் அறைக் கதவு பூட்டியிருந்தது. மிஸ் விறாந்தையில் நின்று, வந்த ஒவ்வொருவருக்கும் தானே சொன்னார்: “இண்டைக்கு இல்லை. அளவிலை ஒரு பிசகு. கண்டுபிடிக்கும்வரை பிடிக்கமாட்டம்.”

“எத்தினை நாள்?” என்று அக்கா கேட்டாள்.

“தெரியேல்லை அக்கா.”

அக்கா வாங்கில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்குப் போவோம் என்றால் வரவில்லை. கதவு திறந்தால் தான் அங்கே இருக்கவேண்டும் என்றாள்.

டொக்டருக்கும் மிஸ்ஸுக்கும் நடந்த பேச்சு எங்களுக்கு முன்னால்தான் நடந்தது. டொக்டருடைய அறையில் அன்று வேறு நோயாளிகள் இருந்தார்கள்.

“எவ்வளவு பிசகு?”

“நூத்துக்கு ஆறு வீதம் கூடக் காட்டுது, சேர்.”

“ஆறுதானே? நேரத்தை ஆறு வீதம் குறைச்சுப்போட்டுப் பிடியுங்கோ. இவையளுக்கு நாள் போகுது.”

“கோபாற்று நாளுக்கு நாள் தேயிற சாமான், சேர். போன மாசத்தைவிட ஒரு வீதம் குறையத்தான் வேணும். கூடாது. கூடினதாய்க் காட்டினால், ஒண்டில் மிசின் பிழை, இல்லையெண்டால் அளக்கிற என்ரை சாமான் பிழை. என்ரை சாமான் பிழையெண்டால், நேரத்தைக் குறைக்க இவையளுக்குக் கதிர் போதாமல் போகும். புண் மாறாது. எந்தப் பக்கத்துப் பிழை எண்டு தெரியாமல் நான் கைவைக்கமாட்டன்.”

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூண்டு நாள்” என்றார். “வியாழக்கிழமைக்கு மேலை என்னாலை பொறுக்கேலாது. உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் சேர்.”

செய்தி தேடும் வேலையில் நான் பலரைப் பார்த்திருக்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று, தன்னை நம்பியிருப்பவர்களின் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் குறைவு.

காற்றின் அழுத்தம் மாறினால் குழாய்க்குள் இருக்கும் காற்றின் அளவும் மாறும்; அதோடு முள் காட்டுவதும் மாறும். ஆகவே அளக்கும்போது அழுத்தத்தையும் பார்த்துக் கணக்கில் சேர்க்கவேண்டும். மிஸ்ஸின் முதல் சந்தேகம் தன் அழுத்தமானிமேல். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்று வேண்டும். வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் இருப்பதாக நினைவு என்றார். என்னிடம் சைக்கிள் இருந்தது. நான் போகிறேன் என்றேன்.

பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடப் பொறுப்பாளர் அலுமாரியைத் திறந்து வட்டமான பித்தளைப் பெட்டியொன்றை எடுத்தார். “மழை வருமோ எண்டு பார்க்கவோ?” என்றார். விடயத்தைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் சாக்குக்குள் வைக்கோல் பரப்பி, பெட்டியை வைத்து, மேலே தன் சால்வையையும் திணித்துக் கட்டினார். “குலுக்கப்படாது. பள்ளத்திலை இறங்கி உருட்டிக்கொண்டு போங்கோ. சால்வையைப் பிறகு தாங்கோ.” ஷெல் விழுந்து கிழித்த ரோட்டில் பாதித் தூரம் நான் சைக்கிளை உருட்டித்தான் வந்தேன். செவ்வாய்க்கிழமை காலை இரண்டையும் ஒரு மேசையில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே அளவைக் காட்டின.

“அப்ப இது இல்லை” என்று மிஸ் கொப்பியில் ஒரு கோடு கீறினார். அன்று பகல் முழுவதும் வெப்பமானியைச் சோதித்தார். மணிகளை மறுபடி வறுத்தார். உறையை மாற்றினார். தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு கிணற்றுத் தண்ணீர் நிரப்பினார். ஜெனரேற்றரைப் போட்டு மீண்டும் அளந்தார். அதே ஆறு வீதம். கொப்பியில் ஐந்து கோடுகள் விழுந்திருந்தன.

அன்று பின்னேரம் வீட்டில் அக்காவுக்குப் பால்கஞ்சியை ஆற்றிக் கொடுத்தேன். வலது கடைவாயால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினாள். கண்ணாடியை எடுத்து வாயைத் திறந்து புண்ணைப் பார்த்தாள். இரண்டு நாளில் நான்கு தடவை பார்த்துவிட்டாள்.

“உது வளருதோ எண்டு பார், தம்பி.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்படியே சொன்னேன்.

“மிசினிலைதான் ஏதோ பிழை” என்றாள். “கொஞ்ச நாளாய்க் கூட நேரம் கிடத்துறாங்கள்.”

“அது எப்பிடி உனக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியாதோ? முந்தி ஒன்பதாம் பாட்டிலை ரெண்டாம் அடி முடியத்தான் டக்கெண்டு நிக்கும். இப்ப பாட்டு முழுக்க முடியுது. முடிஞ்சுதான் நிக்குது.”

“நீ வேகமாய்ச் சொல்லியிருப்பாய்.”

அக்கா கிண்ணத்தை வைத்தாள். “தம்பி, இருவது வருசமாய் நான் வெங்காயத்துக்குத் தண்ணி மாறுறன். ஒரு பாத்திக்கு ஒரு பதிகம். பதிகம் முடிய அடுத்த பாத்தியை வெட்டிவிடவேணும். பிந்தினால் வரம்பு உடையும், முந்தினால் அரைப் பாத்தி காயும். ஒரு நாள் அத்தானைக் கேட்டுப்பார், நான் பிந்தினனானோ எண்டு.”

“எந்த நாளிலை இருந்து கூடிச்சு?”

யோசிக்கவேயில்லை. “பிரதோசத்துக்கு அடுத்த நாள்.”

நாட்காட்டியை எடுத்து எண்ணினேன். பிரதோசத்துக்கு அடுத்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைவரை, சனி ஞாயிறு தவிர்த்து, எட்டு நாள்.

புதன்கிழமை காலை இதை மிஸ்ஸிடம் சொன்னபோது, சிரித்து அனுப்பிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் பேனையை மூடி வைத்தார். அக்காவைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்.

“அக்கா, ஒருக்கால் சொல்லுங்கோ. முதல் பாட்டுத் துவங்கேக்கை விரலை உயர்த்துங்கோ. முந்தி நிக்கிற இடம் வர, திரும்ப உயர்த்துங்கோ.”

அக்கா கண்ணை மூடினாள். விரல் உயர்ந்தது. உதடுகள் அசையவில்லை. விரல் மறுபடி உயர்ந்தது. மிஸ் தன் கைமணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஐம்பது செக்கன். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். ஒரு செக்கன் கூட. மூன்றாவது முறை, மீண்டும் இரண்டு ஐம்பது. அக்காவின் சிகிச்சை அட்டையை எடுத்துப் பார்த்தார். அக்காவுக்கு எழுதியிருந்த நேரம் அதுதான். அந்த வாரத்தில் முதல்முறையாக மிஸ் சிரித்தார்.

“அக்கா, இந்த மணிக்கூடு எங்கை வாங்கினது?”

“வெங்காயப் பாத்தியிலை.”

“சரி, இப்ப நிக்கிற இடம்வரை சொல்லுங்கோ. ஒன்பதாம் பாட்டு முழுக்க.”

மூன்று நிமிடம். இரண்டு நிமிடம் ஐம்பது செக்கனையும் மூன்று நிமிடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, மிஸ் கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆறு வீதம்” என்று தனக்குத்தானே சொன்னார்.

ஜெனரேற்றரைப் போடச் சொன்னார். கதிர் அறைக்குள் யாரும் இல்லை என்று பார்த்து, கதவைச் சாத்தி, இயந்திரத்தின் நேரக்கருவியை மூன்று நிமிடத்துக்கு வைத்தார். என் கைமணிக்கூட்டையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ‘டக்’ என்றபோது இரண்டு கைமணிக்கூடுகளிலும் மூன்று நிமிடம் பதினொரு செக்கன் ஆகியிருந்தது.

மிஸ் அசையாமல் நின்றார். தலையை மட்டும் ஒரு பக்கம் சாய்த்து, பின்வளவிலிருந்து வந்த இஞ்சின் சத்தத்தைக் கேட்டார்.

வாங்கிலிருந்து அக்கா சொன்னாள்: “இஞ்சின்ரை வேகத்தை இறக்கிப்போட்டு ஓட்டினமோ? தோட்டத்திலை தண்ணி இறைக்கிற மிசினும் அப்பிடித்தான். இறக்கினால் பாத்தி நிறையச் சுணங்கும்.”

விடயம் அவ்வளவுதான். இயந்திரத்தின் நேரக்கருவி ஒரு சிறு மின்மோட்டாரால் சுற்றுவது. அந்த மோட்டார் மின்சாரத்தின் துடிப்போடு சேர்ந்து சுற்றும். செக்கனுக்கு ஐம்பது துடிப்பு என்று நம்பிச் செய்தது. இஞ்சின் மெதுவானால் துடிப்பு குறையும்; நேரக்கருவியும் மெதுவாகும். அதன் மூன்று நிமிடம் உலகத்தின் மூன்று நிமிடத்தைவிட நீண்டுவிடும். கோபாற்றுக்கு அது தெரியாது. திறந்திருக்கும்வரை பாய்ந்துகொண்டிருக்கும். அளவையும் அதே நேரக்கருவியை வைத்துத்தான் எடுத்தது; அந்த நேரத்துக்குள் சேர்ந்த மொத்தத்தைக் காட்டும் முள்ளும் அதனால்தான் ஆறு வீதம் கூடிப்போனது.

பின்வளவுக் கொட்டிலில் ஜெனரேற்றரைப் பார்த்துக்கொண்டவர் குருநகர் ஆள். நாற்பத்தைந்து வயது. படகு இஞ்சினில் வளர்ந்தவர். கடலுக்குப் போகத் தடை வந்தபின் இங்கே சேர்ந்தவர். பெற்றோல் கொஞ்சம் காட்டி உசுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கியது அவர்தான். துடிப்பைக் காட்டும் முள் எப்போதோ உடைந்துவிட்டது. அவர் காதால் ஓட்டினார்.

“அண்ணை, இஞ்சினை இறக்கினனீங்களோ?” என்று மிஸ் கேட்டார்.

“ஓம் மிஸ். சொட்டுத்தான்.” பெருமையாகத்தான் சொன்னார். “எண்ணெயை வெட்டிப்போட்டாங்களெல்லோ? வலை போட்ட பிறகு கடலிலை நாங்கள் அப்பிடித்தான், இறக்கிப்போட்டு நிப்பம். லைற் மங்கேல்லைத்தானே? ஒரு நாளைக்கு அரைப் போத்தல் மிச்சம்.”

“எந்த நாளிலை இருந்து?”

அவர் சொன்ன நாள், பிரதோசத்துக்கு அடுத்த நாள். இரண்டு வாய் தனித்தனியே ஒன்றைச் சொன்னால்தான் எங்கள் பத்திரிகை மேசையில் அது செய்தி. இது செய்தியாகிவிட்டது.

“மிச்சம் பிடிச்ச எண்ணெய் எங்கை?” என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “வாட்டிலை ஊசி அவிக்கிற ஸ்ரவ்வுக்கு. போய்த் தாதியைக் கேளும். நீர் பேப்பர்காரர்தானே, எழுதும்.”

போத்தல்கள் மூலையில் வரிசையாக நின்றன. வெறும் போத்தல்கள். மிஸ் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றார். என்ன நடந்தது என்று நான்கு வசனத்தில் சொன்னார். கேட்கக் கேட்க அவருடைய முகம் மாறியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“எத்தினை பேருக்கு, மிஸ்?”

“இப்ப வாறவை பத்தொன்பது பேர்.”

“சனத்துக்குக் கெடுதல் செய்துபோட்டன்.”

“நீங்கள் இல்லை. அழுத்தத்தைச் சோதிச்சன், வெப்பத்தைச் சோதிச்சன், தண்ணியைக்கூட மாத்தினன். நேரத்தைச் சோதிக்கேல்லை. அது என்ரை வேலை. என்ரை பிழை. இப்ப உங்கடை உதவி வேணும், அண்ணை.”

அன்று பகலே மிஸ் பத்தொன்பது அட்டைகளையும் விரித்துக்கொண்டு இருந்தார். ஒவ்வொருவருக்கும் அந்த நாளிலிருந்து எத்தனை தடவை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு கூடியது, மொத்தம் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு கழிக்கவேண்டும். டொக்டர் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, ஒவ்வொன்றையும் பார்த்துக் கையெழுத்திட்டார். நோயாளிகளுக்குச் சொல்லத்தான் வேண்டுமா என்று அவர் ஒருமுறை கேட்டார். மிஸ் சொல்லவேண்டும் என்றார். வியாழக்கிழமை காலை விறாந்தையில் நின்று எல்லோருக்கும் சொன்னார். கூடப் போனது சிறிது, பின்னால் கழித்துவிடுவோம், காரணம் இது, இனி இப்படி நடக்காமல் செய்தது இது.

தொண்டையில் கதிர் பிடிக்கும் வயதான மீன்காரர் ஒருவர், காற்றுப்போன குரலில் சொன்னார்: “மிஸ், இவ்வளவு காலம் வித்தன். நிறுவையிலை கூடப் போட்டிட்டம் எண்டு வந்து சொன்ன ஆளை இப்பதான் காணுறன்.”

இனி நடக்காமல் செய்தது, இரண்டு மணிக்கூடுகள். பூட்டிக்கிடந்த கந்தோர் ஒன்றின் சுவரில் இருந்த பழைய மின்மணிக்கூட்டைக் கழற்றிவந்தார்கள். அதுவும் மின்துடிப்பில் ஓடுவது, நேரக்கருவியின் உடன்பிறப்பு. பக்கத்தில் மிஸ் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த, சாவி கொடுக்கும் மணிக்கூடு. ஜெனரேற்றர் கொட்டிலின் எதிர்ச்சுவரில் இரண்டையும் மாட்டினார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டின் செக்கன் முட்களையும் பார்க்கவேண்டும். மின்மணிக்கூடு பிந்தினால் இஞ்சினை ஏற்றவேண்டும், முந்தினால் இறக்கவேண்டும். ஒரு செக்கனுக்கு மேல் பிசகினால் கதிர் அறைக்குச் சொல்லவேண்டும். சாவி மணிக்கூடு சரியா என்று யார் பார்ப்பது? வானொலி மணிக்குச் சரிசெய்த என் கைமணிக்கூட்டைத் தினமும் கொண்டுபோய்க் காட்டினேன். நான் போகாத நாளில் பத்திரிகைக் கந்தோரிலிருந்து வேறொருவர் போனார். இந்த ஏற்பாடு முழுவதற்கும் செலவு, இரண்டு ஆணி.

இஞ்சின்காரர் ஒரு வாரம் கொட்டிலைவிட்டு வெளியே வரவில்லை. தேநீரும் அங்கேதான். முட்களைப் பார்த்தபடி, கை வால்வில். இரண்டாவது வாரம் நான் நேரம் காட்டப் போனபோது, என் கைமணிக்கூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, “பேப்பர்காரர், உம்மடைதான் ரெண்டு செக்கன் பிந்துது” என்றார். அதற்குப் பிறகு கதைக்கத் தொடங்கினார். அடுத்த மாதத்து அளவையில், முள் எங்கே நிற்கவேண்டும் என்று மிஸ் முன்கூட்டிக் கணக்கிட்டு எழுதி வைத்திருந்தாரோ, அங்கேயே நின்றது. பிழை திருத்திய சென்ற மாதக் கணக்கைவிட ஒரு வீதம் குறைவு. மிஸ் கொப்பியை மூடிவிட்டுத் தொட்டித் தண்ணீரை வாளியால் மொண்டு செவ்வரத்தைச் செடிக்கு ஊற்றினார்.

அக்காவுக்கு மீதி இருந்தவை பதின்மூன்று. கூடிப்போன எட்டு நாளையும் சேர்த்தால் அரைத் தடவைக்குச் சரி. பன்னிரண்டு முழுமையாக, பதின்மூன்றாவது அரைவாசி என்று அட்டையில் எழுதியிருந்தது. மூன்று நாள் விட்டதால் புண் வளர்ந்துவிடும் என்ற பயம் அவளுக்கு ஒவ்வொரு நாளும் இருந்தது. கண்ணாடியைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள். மீண்டும் தொடங்கிய பதினைந்தாம் நாளளவில் ஓரம் சுருங்குவதாகச் சொன்னாள். டொக்டர் பார்த்து, ஓம் என்றார். அதற்குப் பிறகு கண்ணாடியைத் தேடவில்லை. அந்தக் கன்னத்தால் அவள் மறுபடி தேங்காய்ச்சொட்டுக் கடித்துத் தின்றதையும், பல போகம் வெங்காயம் நட்டதையும் நான் பார்த்தேன்.

கடைசி நாள் அவளைக் கூட்டிப்போய் விட்டுவிட்டுக் கதவடியில் நின்றேன். இயந்திரம் திறந்தது. ஒரு நிமிடம் இருபத்தைந்து செக்கனில் ‘டக்’ என்றது. மிஸ் கதவைத் திறந்து உள்ளே போனார். நானும் எட்டிப் பார்த்தேன். அக்கா மேசையில் கண்ணை மூடியபடி கிடந்தாள்.

“அக்கா, முடிஞ்சுது. எழும்புங்கோ.”

அக்கா ஒரு கையை மட்டும் உயர்த்திப் பொறுக்கச் சொன்னாள். கண் திறக்காமலே சொன்னாள்: “அஞ்சாம் பாட்டு முதலடியிலை நிப்பாட்டிப்போட்டியள். கடைசி நாள். இதை நான் சைக்கிளிலை சொல்லமாட்டன்.”

மிஸ் சுவரோடு சாய்ந்து நின்றார். யன்னல் இல்லாத அந்த அறைக்கு ஜெனரேற்றர் நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும். அன்று அக்காதான் கடைசி ஆள். இயந்திரம் மூடிய சத்தம் கேட்டுவிட்டது; வழக்கமாக அந்தக் கணமே எண்ணெயை மிச்சம் பிடிக்க இஞ்சினை நிறுத்துவார்கள். பின்வளவிலிருந்து குரல் வந்தது.

“மிஸ்! நிப்பாட்டவோ?”

மிஸ் மேசையைப் பார்த்தார். அக்காவின் விரல் மெல்ல அடித்துக்கொண்டிருந்தது.

“பொறுங்கோ அண்ணை” என்று சத்தமாகச் சொன்னார். “இன்னும் ஆறு பாட்டுக் கிடக்கு.”

இஞ்சின் தொடர்ந்து ஓடியது. இறக்காமல், ஏற்றாமல்.